குண்டு படாத சட்டை

எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. மிலிட்டரி என்றால் அவர்தான். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, "மிலிட்டரி ஊட்டுக்கு ஒண்ணு" என்றால் கண்டக்டர் மறுபேச்சுப் பேசாமல் டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். பட்டாளத்தில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சாயங்காலம் வரைக்கும் விடமாட்டார். பனி, பள்ளத்தாக்கு, எதிரி, ரத்தம் எல்லாம் வரும். கடைசியில் எழுந்து வரும்போது அவர் என்ன வேலை பார்த்தார் என்பது மட்டும் நமக்குத் தெரிந்திருக்காது.

அதைச் சொன்னவள் அவருடைய மனைவிதான். ஒருநாள் குழாயடியில் சர்வசாதாரணமாகச் சொன்னாள். "வடக்க எங்கியோ ஒரு குடோன்லீங்க டீச்சர். பருப்பும் கோதுமையும் அளந்து போட்டாரு. எலி புடிக்க ஒரு பூன வெச்சிருந்தாங்களாமா. சண்ட போட்டுதுன்னா அந்தப் பூனதானுங்க போட்டிருக்கும்."

பருப்பு அளப்பது கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். சோறில்லாமல் எந்தப் பட்டாளம் மலையேறும்? அவர் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வது அவருக்கு மானக்கேடு. காலையில் குடித்த டீயைப் பற்றிச் சொன்னாலும் அதில் ஒரு வெடிச்சத்தம் இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்த பிறகு, கொப்பரை போட்டு வைத்திருந்த குடோனைக் காலி செய்து வெள்ளையடித்து, வாசலில் மூவர்ணத்தில் ஒரு போர்டு மாட்டினார். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் 'மிலிட்டரி மியூசியம்' என்று எழுதியிருந்தது. ஊர் கேரளத்தில் இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் தமிழ்தான் படிப்பார்கள். "தமிழ்ல எழுதலீங்களா?" என்று கேட்டதற்கு, "இது ஆல் இண்டியா லெவல் டீச்சர்" என்றார்.

அந்த ஆல் இந்தியா லெவல் மியூசியத்தின் முதல் பொருள் சுல்தானின் பீரங்கி. முழங்கை உயரத்தில் துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார். சுல்தான் படை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தபோது நம் ஊர் மண்ணில் விட்டுப்போனவை என்பார். அவை கதினாக்கள். கோயில் வேலைத் திருவிழாவில் வெடிமருந்து கிட்டித்து வெடிக்கிற குழாய்கள். எந்தக் கோயிலில் கிடந்தவை, எந்த வருஷம் புதிது வாங்கியபோது கழித்துப் போட்டவை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்கடுத்து, மணல் மூட்டைகளுக்கு நடுவில், சிவப்புக் கயிறு கட்டி, 'அருகில் வராதீர்' என்று எழுதி ஒரு வெடிக்காத குண்டு. அது கிணற்று மோட்டார் பைப்பின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வ். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவன் ஒவ்வொருவன் கிணற்றுக்குள்ளும் அப்படி ஒரு குண்டு கிடக்கிறது. தோப்புக்காரர்கள் வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஏன் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்றால், பஸ். அதுவரைக்கும் எங்கள் ஊரில் எந்த பஸ்ஸும் நிற்காது. கையைக் காட்டினால் டிரைவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார். மியூசியம் வந்த பிறகு பஞ்சாயத்து மெம்பர் அலைந்து, 'மியூசியம் ஸ்டாப்' வந்தது. லிமிடெட் ஸ்டாப் வண்டிகூட நின்றது. ஃபுட்வால்வை ஃபுட்வால்வ் என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சிக்கு நடந்தா போவது?

எனக்கும் அந்தக் குடோனுக்கும் உள்ள சம்பந்தம் வேறு. நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிள்ளைகளை வரிசையாக அங்கே நடத்திக்கொண்டு போக வேண்டும். ஹெட்மாஸ்டர் உத்தரவு. மிலிட்டரி வாசலில் பிரம்போடு நிற்பார். செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே போனதும் முதலில் குண்டுக்கு சல்யூட். என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர், ஃபுட்வால்வைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் அடிப்பார்கள். "எல்லைன்னா என்னன்னு தெரியுமாடா உங்களுக்கு?" என்று பிரம்பைத் தட்டுவார். பிள்ளைகளுக்குத் தெரிந்த எல்லை வேலந்தாவளம் செக்போஸ்ட். மாட்டுச் சந்தையன்று அங்கே வண்டிகள் நிற்கும். ஒரு பையன் அதைச் சொல்லிவிட்டு முட்டி போட்டான்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சகித்திருப்பேன். ஆனால் குடோனின் கடைசி மூலையில் ஒரு பொம்மை நின்றது. அது போட்டிருந்தது என் அண்ணனுடைய சட்டை.

அண்ணனும் பட்டாளம்தான். மலையில் ரோடு போடுகிற பிரிவு. ஒருநாள் ஜல்லி ஏற்றிய லாரி பள்ளத்தில் கவிழ்ந்தது. அதில் அண்ணன் இருந்தான். அவ்வளவுதான் எங்களுக்கு வந்த செய்தி, அவ்வளவுதான் நடந்தது. அவனுடைய டிரங்குப் பெட்டி பின்னால் வந்து சேர்ந்தது. அதில் இருந்த உடுப்பை நான்தான் துவைத்து, காயவைத்து, மடித்து வைத்தேன். ஒரு நூல் பிரிந்திருக்கவில்லை.

அண்ணன் மனைவியை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். அப்போது கைக்குழந்தையோடு இருந்தார். அந்த வீட்டு வாசலில் மிலிட்டரி வந்து உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதார். "அம்மிணி, இந்தப் பொட்டிய எனக்குக் குடுங்க. உங்க ஊட்டுக்காரரு பேரு ஊரு இருக்கற வரைக்கும் நிக்கும்" என்றார். அழுகிற ஆளிடம் இல்லையென்று சொல்ல நங்கையாவுக்குத் தெரியாது. பெட்டி போயிற்று. நங்கையா ஒருநாளும் மியூசியத்துக்குப் போனதில்லை. "அவரப் பொம்மையா நிறுத்தி வெச்சிருக்கறத என்னத்தப் போயிப் பாக்கறது கண்ணு" என்பார்.

போகாமல் இருந்ததே நல்லது என்று நான் நினைத்தேன். ஏனென்றால் நான் வேலைக்குச் சேர்ந்து முதல் தடவை பிள்ளைகளோடு போனபோதே பார்த்துவிட்டேன். சட்டையின் இடதுபக்கப் பாக்கெட்டுக்கு மேலே வட்டமாக ஓர் ஓட்டை. ஓரமெல்லாம் கருகி, சுற்றிலும் செம்பழுப்பாக ஒரு கறை. பிரம்பு அந்த ஓட்டையில் போய் நின்றது. "எதிரி குண்டு! நேருக்கு நேரா! மார்ல வாங்குனாரு, முதுகக் காட்டல!"

அதற்குள் பள்ளிக்கூடம் வரத் தொடங்கியிருந்த அண்ணன் மகளும் அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் வாய்க்கால் மேட்டில் நின்று கேட்டாள். "அத்தே, குண்டு பட்டப்ப அப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?" குண்டு இல்லை கண்ணு, லாரி என்றேன். அவள் நம்பவில்லை. சட்டையில் ஓட்டையைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே. அன்றைக்குச் சாயங்காலமே நான் மியூசியத்துக்குத் திரும்பிப் போனேன்.

"யாருங்க அந்தச் சட்டையச் சுட்டது?" என்று கேட்டேன்.

அவர் அலுமினிய மக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கூச்சம் என்று ஒரு கோடு விழவில்லை. "டீச்சர், ஓட்ட இல்லாத சட்டைய எவன் வந்து பாப்பான்?" என்றார். "லாரி கவுந்து செத்தாருன்னு சொன்னா பசங்க கொட்டாவி உடுவானுங்க. உங்க அண்ணனுக்குத்தானுங்க நான் கௌரவம் பண்ணியிருக்கறேன்."

அவரை நான் அன்றிலிருந்துதான் வெறுத்தேன். பொய் சொல்கிறவர்கள் ஊரில் வேறு ஆட்களும் உண்டு. அவர்கள் பொய் என்று தெரிந்து சொல்வார்கள். இவர் என் அண்ணனுடைய சாவைப் போதாத சாவு என்று முடிவு கட்டி, தன் கைச்சரக்கில் கொஞ்சம் போட்டு நிறைத்துவிட்டார். அதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

அண்ணன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் செத்தவர்களுக்குத் துணி வைத்துக் கும்பிட வேண்டும். புது வேட்டியோடு, அவர் உடுத்தின துணி ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் கிழிசலோ கருகலோ ஆகாது. ஓட்டைத் துணியை வைத்துக் கூப்பிட்டால் அவர் வாசல்படி ஏற மாட்டார் என்பார்கள். அண்ணன் லீவில் வந்து உடுத்தின வேட்டி சட்டையெல்லாம் காரியத்தின்போதே கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது பொம்மை போட்டிருந்த அந்த ஒரு சட்டைதான்.

நங்கையா மிலிட்டரி வீட்டுக்கே போய்க் கேட்டார். "அது நாட்டுச் சொத்துங்கம்மிணி" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுபடியும் போனார். "ஆகஸ்ட் பதினஞ்சாந் தேதி உத்காடனம். புது ஹால் தொறக்கறோம். பாலக்காட்டுலிருந்து கர்னல் வர்றாரு. அது முடியட்டும், யோசிக்கலாம்" என்றார். துணி வைத்துக் கும்பிட வேண்டிய நாள் பதினாறு. அப்பன் வந்து வாழ்த்தாமல் மகளைத் தாலி கட்ட உட்கார வைக்க முடியாது என்று நங்கையா சோறு இறங்காமல் கிடந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஓட்டை விஷயத்தைச் சொல்லவே இல்லை. மகளும் அம்மாவிடம் அதைப் பேசினதில்லை. முதலில் சட்டை வரட்டும் என்று இருந்தேன்.

பதினைந்தாம் தேதி நான் பிள்ளைகளைப் பாட்டுப் பாடக் கூட்டிக்கொண்டு போனேன். நங்கையாவும் கையில் ஒரு மஞ்சள் பையோடு என் பின்னாலேயே வந்தார். புது ஹால் என்பது பழைய குடோனில் ஒரு தடுப்பை எடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள். கர்னல் வயதான மலையாளி, மெலிந்த ஆள், அதிகம் பேசவில்லை. மிலிட்டரி பிரம்பும் கையுமாக முன்னால் நடந்து, நேராகப் பொம்மையிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இந்த ஓட்ட இருக்குதுங்களே சார்..." என்று ஆரம்பித்தார்.

பெண்கள் கூட்டத்தில் இருந்த நங்கையா, யாரையும் விலக்காமல் விலக்கி முன்னால் வந்துவிட்டார். சட்டைக்கு நேராகப் போய் நின்றார். ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"இது ஏனுங்க இப்பிடி இருக்குது?"

"எதிரி குண்டுங்கம்மிணி."

"நான் பொட்டியோட குடுத்தப்ப இல்லீங்களே."

நங்கையா கையைத் தூக்கி, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்ற ஆரம்பித்தார். தூங்குகிற ஆளுக்குக் கழற்றுவது போல மெதுவாகக் கழற்றினார். சட்டை வந்ததும் உள்ளே வைக்கோல் திணித்த யூரியாச் சாக்கு தெரிந்தது. பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். நான் அதட்டவில்லை.

"நாளைக்கு இவருக்குத் துணி வெச்சுக் கும்புடறமுங்க. புள்ளைக்குக் கல்யாணம். ஓட்டையோட வெக்க முடியாதுங்க" என்று நங்கையா கர்னலைப் பார்த்துச் சொன்னார். பிறகு கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். அதற்குள் அண்ணன் பெட்டியில் இருந்த காக்கித் துணிச் சுருள் விரித்திருந்தது. அதில் ஊசிகள், காக்கி நூல். பக்கத்தில் 'போர்க்களத்தில் காயம் தைத்த ஊசி' என்று எழுதி ஒட்டியிருந்தது. நங்கையா என்னிடம், "அத எடு கண்ணு" என்றார்.

"தொடாதீங்க டீச்சர்! அது காயம் தெச்ச ஊசி!" என்று மிலிட்டரி பிரம்பை நீட்டினார்.

"பொத்தான் தெக்கற ஊசிங்க" என்றார் நங்கையா. "லீவுல வந்தா புள்ளையோட கவுனுக்குக்கூட அவருதான் தெச்சுக் குடுப்பாரு."

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த மியூசியத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். நங்கையா, சிறப்பு விருந்தினருக்காகச் சிவப்புத் துணி போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கருகின ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு, உள்மடிப்பில் இருந்து நூல் நூலாக இழுத்து, குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டத் தொடங்கினார். யாரும் நகரவில்லை. கர்னல் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எங்கே வெச்சு மரிச்சது அம்மா?"

"மலைல ரோடு போடறப்ப லாரி கவுந்துருச்சுங்க. சண்டயெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"எந்த ரோடு?"

நங்கையாவுக்கு அந்தப் பெயர் சரியாக வரவில்லை. நான் சொன்னேன். கர்னல் நிமிர்ந்தார். "அந்த ரோட்டிலதான் அம்மா ஞங்களெல்லாம் மேலே போனது. ஆ ரோடு இல்லன்னா நான் இல்ல" என்றார். நங்கையா தலையைத் தூக்காமல், "அப்பிடீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தைத்தார்.

லாரி கவிழ்ந்து செத்தவனின் சட்டையைத் தைத்து முடிக்கிற வரைக்கும் என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தனும் கொட்டாவி விடவில்லை. நான் திரும்பி மிலிட்டரியைப் பார்த்தேன். அவரும் பார்த்திருக்க வேண்டும். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"சார், இந்தப் பக்கம். சுல்தான் பீரங்கி" என்றார்.

கர்னல் போய்ப் பார்த்தார். "இது கதினா அல்லே?"

ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள். இனிமேல் பஸ் நிற்குமா என்று ஒவ்வொருவரும் கவலைப்பட்டது எனக்குக் கேட்டது. மிலிட்டரி மட்டும் அசரவில்லை. "கதினா மாதிரியேதானுங்க சார் இருக்கும்" என்றார். "எதிரிக்குத் தெரியக் கூடாதில்லீங்களா? அதுதான் சுல்தான் தந்திரம்."

மறுநாள் சட்டையைப் புது வேட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டோம். கல்யாணப் பெண் விழுந்து எழுந்து, பாக்கெட்டுக்கு மேலே விரலால் தடவித் தேடினாள். "இங்கதானா அத்தே?" என்றாள். இழை ஓட்டின இடம் அவளுக்கு அகப்படவில்லை. "அங்க ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அப்போது நம்பினாள். நான் அழுதேன்.

அடுத்த ஆகஸ்டில் பிள்ளைகளோடு போனபோது யூரியாச் சாக்கு வேறு சட்டை போட்டிருந்தது. அவருடைய சொந்தச் சட்டை. அதில் ஓட்டை இரண்டு. யாருடைய அண்ணனும் இனி வேண்டாம், தானே போதும் என்று முடிவு செய்திருந்தார். ஒரு பெண் பிள்ளை கையைத் தூக்கி, "ரெண்டு குண்டு பட்டும் எப்பிடிங்க தாத்தா உசுரோட இருக்கறீங்க?" என்று கேட்டாள். "அதுதான் பட்டாளம்!" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் செத்து இப்போது வருஷம் ஆகிவிட்டது. சர்க்கரை முற்றி, ஆஸ்பத்திரிக் கட்டிலில், எல்லோரும் சாகிற மாதிரி செத்தார். குடோனில் மறுபடியும் கொப்பரை கிடக்கிறது. மியூசியம் ஸ்டாப் மட்டும் இருக்கிறது.

போன தையில் அவர் மனைவி நங்கையா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். பேரனுக்குக் கல்யாணமாம். முந்தானைக்குள்ளிருந்து அந்த இரண்டு ஓட்டைச் சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற துணி இல்லாம இல்லீங்க. இதத்தான் வெச்சுக் கும்புடோணும்னு சொல்லிப் போட்டுச் செத்தாரு. ஓட்டையோட எப்பிடீங்க வெக்கறது? நீங்க தெச்சா தெரியாதாமா" என்றாள்.

நானாக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். நங்கையா சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எதுலீங்க சுட்டாரு?"

"ஊதுபத்திலீங்க. அந்தக் கறை வெத்தலச் சாறு. ரெண்டாவது ஓட்டைக்குக் கை நடுங்குதுன்னு என்னையப் புடிக்கச் சொன்னாரு."

நங்கையா சிரித்தார். அண்ணன் போனதற்கு அப்புறம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "ரெண்டு குண்டு வாங்கியும் மனுசன் சக்கரைலதான் போயிருக்கறாரு பாரு கண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அதே காக்கிச் சுருளை எடுத்து வரச் சொன்னார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான். மனசில்லாமல்தான் கோத்தேன்.

தைத்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சட்டையை மடித்து அவள் கையில் கொடுக்கும்போது நங்கையா சொன்னார். "இப்ப முழுச் சட்டைங்க. தாராளமா வெய்ங்க. கும்புடறப்ப, ஒரு பட்டாளத்துக்கே பருப்பு அளந்து சோறு போட்ட புண்ணியவானேன்னு சொல்லிக் கூப்புடுங்க."

அவள் சட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். படியில் நின்று திரும்பினாள்.

"அதச் சொல்லிக் கூப்புட்டா படையலுக்கே வரமாட்டாருங்க" என்றாள்.